நான்காவது மணி நேரத்துக்கு நன்றி

அனுப்புநர்: இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி, பாரிஸ்.

பெறுநர்: மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர்கள், ஐரோப்பிய ஒன்றியம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: மூன்று மணியை நான்காகவும் ஆறாகவும் உயர்த்தித் தந்தமைக்கு நன்றி கூறல் – தொடர்பாக.

ஐயா, அம்மா,

2025 ஜூனில் நீங்கள் கூடி எடுத்த முடிவைப் படித்து நெகிழ்ந்துபோனேன். விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பயணிக்கு இழப்பீடு என்பது இன்றைய நடைமுறை. அது உங்கள் மனதை உறுத்தியிருக்கிறது. 3,500 கிலோமீட்டர் வரை நான்கு மணி, அதற்கு மேல் ஆறு மணி என்று மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தொலைதூரப் பயணிக்கு 600 யூரோ என்றிருந்தது 500 ஆகுமாம். காத்திருப்பைக் கூட்டி, காசைக் குறைத்து, அதற்குப் பயணிகளின் உரிமை என்று தலைப்பும் இட்டிருக்கிறீர்கள். 2013-இல் ஐரோப்பிய ஆணையம் தொலைவுக்கேற்ப ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு மணி என்று முன்மொழிந்ததை நினைத்தால் நீங்கள் கருணைக்கடல்தான்.

காரணமும் சொல்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் நிறுவனங்கள் விமானத்தை ரத்து செய்யாமல், வேறொன்றைக் கொண்டுவந்தாவது நம்மை ஏற்றிவிடுமாம். கடன்காரனுக்குத் தவணையை நீட்டினால் சீக்கிரம் கட்டிவிடுவான் என்பது போன்ற நம்பிக்கை. வட்டிக்கடைக்காரர்கள் இதை இன்னும் கண்டுபிடிக்காதது ஆச்சரியம்.

இழப்பீடு பற்றிய 261/2004 என்ற உங்கள் விதியை எடுத்துப் பார்த்தேன். வெறும் தாமதத்துக்கு இழப்பீடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ரத்தானாலோ, ஏற்ற மறுத்தாலோதான் இழப்பீடு. நாள் முழுக்கத் தாமதமானாலும் ரத்தாகவில்லை என்று சொல்லித் தப்ப முடிந்த அந்தப் பொற்காலத்தை 2009-இல் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் கெடுத்தார்கள். மூன்று மணியோ அதற்கு மேலோ தாமதமானால் ரத்தானதற்குச் சமம் என்றார்கள்.

இணைப்பு விமான விவகாரம் அதைவிட மோசம். பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாவ்லோ வழியாகப் பராகுவே தலைநகர் அசுன்சியோனுக்குச் சீட்டு எடுத்த ஒருவருக்கு முதல் விமானம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அது மூன்று மணிகூட இல்லையே, என்ன பெரிய தாமதம்? ஆனால் அதனால் அடுத்தது போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. ஊர் சேர்ந்தபோது பதினோரு மணி நேரம் தாமதம். கிளம்பியதைப் பார்க்காதே, கடைசி ஊரில் எப்போது இறங்கினார் என்று பார் என 2013-இல் தீர்ப்பு வந்தது. சிறு தாமதம் வழியில் குட்டி போடும் என்பதை நீதிபதிகள் அறிந்திருக்கிறார்கள்.

உங்கள் ஆறு மணி கணக்கின் அழகு இங்கேதான் தெரிகிறது. பாரிஸிலிருந்து கொழும்புக்கு, வளைகுடாவில் மாறிப் போகிறவர் இணைப்பைத் தவறவிட்டு ஐந்தே முக்கால் மணி நேரம் பிந்திச் சேர்ந்தால், அவர் நேரத்துக்கு வந்தவராகவே கருதப்படுவார். கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பிடித்து வந்து காத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிடுங்கள்.

நிமிடங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன விமானமொன்று 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். சக்கரம் தொட்டாலே வந்து சேர்ந்ததாகத்தான் அர்த்தம் என்று நிறுவனம் வாதாடியது. கதவொன்றாவது திறந்து, ஆட்கள் இறங்க விட்டால்தான் சேர்ந்ததாகும் என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. இனி இந்தச் சில நிமிடச் சண்டையே வராது. ஒரு மணி நேரத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமானமானாலும் உங்கள் விதி செல்லும். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வளைகுடா விமானத்தில் திரும்பினால் செல்லாது. போக வர ஒரே சீட்டு என்றாலும் அப்படித்தான் என்பது 2008-இல் வந்த தீர்ப்பு. போகும்போது குடிமகன், வரும்போது சரக்கு.

காத்திருக்கும் பயணிக்கு உணவு, தேவையானால் விடுதி ஆகியவற்றோடு இரண்டு தொலைபேசி அழைப்புகளோ, டெலெக்ஸோ, தொலைநகலோ, மின்னஞ்சலோ இலவசம் என்கிறது விதி. கேலியில்லை, டெலெக்ஸ் என்றே எழுதியிருக்கிறது. இத்தனை காலம் அதைத் தொடாமல் வைத்திருந்தவர்கள், மூன்று மணியை மட்டும் காலாவதியானது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்களோ!

உங்கள் முடிவு சட்டமாக ஐரோப்பிய நாடாளுமன்றமும் இசைய வேண்டும். அதற்குள் ஒரு விண்ணப்பம்: டெலெக்ஸை எடுத்துவிட்டு, மூன்று மணியை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். சட்டத்தில் ஏதாவது திருத்தியே ஆக வேண்டுமென்றால், பயணி மனுப்போட்டு அலையாமல் நிறுவனமே பணத்தை அனுப்பிவைக்கும்படி திருத்துங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பெட்டி வந்து சேராத பயணி.