லைன் போனமையும் ஆட்டம் போனமையும்: பல்லேகலச் சதுரங்கக் குழுவின் இணைய லீக் முடிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பல்லேகல என்றாலே ஆய்வுலகத்துக்குக் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வருகிறது. 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியா அங்கே 266 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பிறகு மழை. பாகிஸ்தான் மட்டையைத் தொடவே இல்லை. "முடிவில்லை" என்று எழுதி, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு புள்ளி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வானத்திலிருந்து விழுந்த தண்ணீருக்கு அவ்வளவு மரியாதை. அதே பல்லேகலயில், அதே மாதிரி மழையில், ஒரு சதுரங்க ஆட்டக்காரரின் வீட்டு ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவருக்குப் பூச்சியம், எதிராளிக்கு முழுப்புள்ளி. இந்த அநீதியை அறிஞர் அவையில் வைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு அறம் கருதிக் குழுவின் பெயரை மறைத்திருக்கிறோம். வீட்டார் கருதி உறுப்பினர் பெயர்களையும் மறைத்திருக்கிறோம். ஒரு வரியும் எழுதாதவர் பெயரை முதலாசிரியராகப் போடும் பல்கலைக்கழக வழக்கத்தைப் பின்பற்றவே எண்ணியிருந்தோம். குழுவில் அதற்குத் தகுதியானவர் ஒருவர் உண்டு. அவர்தான் நேரத்துக்கு லொகின் ஆவதில்லை.

2. ஆய்வு எல்லை

லிசெஸ் தளத்தில் நடக்கும் அணிப்போர் வகைப் போட்டிகளே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விதிகள் எளியவை. வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. தொடர்ந்து இரண்டு ஆட்டம் வென்றவரின் பெயருக்குப் பக்கத்தில் தீப்பிழம்பு ஒன்று எரியத் தொடங்கும்; அது அணையும்வரை கிடைப்பதெல்லாம் இரட்டிப்பு. தன் நேரத்தில் பாதியைத் தானே வெட்டிக்கொண்டு ஆடுபவருக்கு, வென்றால் ஒரு புள்ளி கூடுதல். அணியில் எத்தனை பேர் ஆடினாலும் முன்னணியில் நிற்கும் சிலரின் புள்ளிகளே கூட்டப்படும். மற்றவர்கள் எதற்கு என்ற வினா எழலாம். தோல்விக்குக் காரணம் சொல்ல ஆள் வேண்டும் என்க.

3. முன்னாய்வுகள்

திருப்பூவனூர்த் தலபுராணம், இறைவன் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகச் சொல்லும். அதனாலேயே அவருக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இக்கதையை எடுத்துக்கொண்டு சதுரங்கம் தோன்றிய இடம் இதுவே, உலகம் முழுதும் போனது இங்கிருந்தே என்று நிறுவுவோர் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் காணாமல் விட்ட நுட்பம் ஒன்று உண்டு: இறைவன் நேரில் வந்து ஆடினார். எங்கிருந்தும் எதையும் ஆட்டுவிக்க வல்லவர், ஊருக்கு நடந்து வந்து, பலகைக்கு முன் உட்கார்ந்தார். தூரத்திலிருந்து ஆடினால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் உணர்ந்தவர் அவரே என்பது இதனாற் பெற்றாம்.

மனிதர்களுக்கு அந்த ஞானம் வரவில்லை. 1897இல் பிரித்தானிய, அமெரிக்க மக்களவை உறுப்பினர்கள் கடலடித் தந்தி வழியாக ஆடி, ஆளுக்கு இரண்டரை என்று பிரிந்தார்கள். 1945 செப்டம்பரில் சோவியத் அணியும் அமெரிக்க அணியும் வானொலி வழியாகப் பத்துப் பலகையில் மோதின. சோவியத் 15½, அமெரிக்கா 4½. இடையிலே கிடக்கும் பதினொரு புள்ளியில் பாதியையாவது அலைவரிசையின் தலையில் கட்டியிருக்கலாம். பல்லேகல அணித்தலைவர் அங்கே இல்லாமற் போனார்.

4. முடிவுகளின் வகைப்பாடு

4.1 வெற்றி. காரணம் கேட்பார் இல்லாமையால் ஆய்வுக்கு உரியதன்று.

4.2 சமநிலை. இருவருமே தாம் வென்றிருக்க வேண்டியது என்பர். இருவரையும் நம்ப வேண்டாம்.

4.3 விரல் வழுக்கல். கணினியில் ஆடுவோர்க்கு மவுஸ் வழுக்கும், போனில் ஆடுவோர்க்கு விரல் வழுக்கும். ராணியை ஒரு கட்டம் தள்ளி வைக்க நினைத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தமை இதன்பாற்படும். வழுக்கிய விரல் ஒருபோதும் நல்ல கட்டத்தில் போய் விழுந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது.

4.4 அழைப்பு வந்தமை. லீக் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு. அப்போது டொரொண்டோவில் காலை பத்தரை. பெரியம்மா குளித்து, சாப்பிட்டு, ஓய்வாக இருக்கும் வேளை. போனில் ஆடுபவரின் திரை முழுதும் பெரியம்மாவின் படம் வந்து நிற்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பை வெட்டினால் குடும்பத்தில் ஆறு மாதப் பகை, வெட்டாவிட்டால் நேரம் தீர்ந்து கொடி விழும். கனடாவில் குளிர்கால நேரம் வந்ததும் அழைப்பு ஒரு மணித்தியாலம் பின்தள்ளிப்போகிறது. அக்காலத்துத் தோல்விகளுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

4.5 கரண்ட் போனமை. இவ்வகையின் பொற்காலம் 2022. அவ்வாண்டு மார்ச் முடிவில் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஊரை எழுத்துவாரியாகப் பிரித்து நேர அட்டவணை வந்தது. அணித்தலைவர் அந்த அட்டவணையை வைத்தே அணியைத் தெரிவுசெய்தார். யார் கெட்டிக்காரர் என்று பார்க்கவில்லை. யார் வீட்டில் எட்டு மணிக்கு வெளிச்சம் என்று பார்த்தார். குதிரை எப்படிப் போகும் என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் முதற்பலகையில் ஆடியது இவ்வாறே. அவர் தோற்றார். ஆனால் முழு வெளிச்சத்தில் தோற்றார்.

4.6 குரங்கு. இவ்வகைக்கு விரிவான விளக்கம் வேண்டும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் தொட்டதால் இலங்கை முழுதும் இருண்டது என்று பொறுப்பான அமைச்சரே நாட்டுக்குச் சொன்னார். ஆய்வுலகத்தில் இது ஒரு திருப்பம். அதுவரை "குரங்கு வயரைப் பிடுங்கிப் போட்டது சேர்" என்ற ஆட்டக்காரரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அன்றைக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒரு குரங்கு ஒரு தேசத்தையே அணைக்க முடியுமானால், பல்லேகலயில் ஒரு பலகையை அணைப்பது அதற்கு எம்மாத்திரம்?

இலங்கையின் செங்குரங்கு வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆகவே இத்தோல்வியும் இலங்கைக்கே உரியது. இதை நமது பாரம்பரியம் என்று பதிவுசெய்ய வேண்டும் என்பது எமது கோரிக்கை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தபோது சூழலியலாளர் எதிர்த்தார்கள். சதுரங்க உலகம் வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே சதுரங்கத்தில் வலிமைமிக்க ஒரு நாட்டின் கையில் நம் தோல்விக் காரணங்களையும் கொடுத்துவிட்டால் பிறகு நமக்கென்று என்ன மிஞ்சும்?

முதற்பலகையில் லைன் போன அன்று குரங்கு வந்ததா என்பதில் மூன்று மரபுகள் உள. கம்பி மரபின்படி குரங்கு லைன் கம்பியில் தொங்கிற்று (முதற்பலகை ஆட்டக்காரர், குழுவின் வாட்ஸ்அப்பில் குரற்செய்தி; பின்னர் அழிக்கப்பட்டது). கூரை மரபின்படி கூரைத் தகட்டில் குதித்தபோது வயர் கழன்றது (அதே ஆட்டக்காரர், மறுநாள்). மறுப்பு மரபின்படி அன்று குரங்கே வரவில்லை (பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மதிலுக்கு மேலால், கொடியிலிருந்து துணி எடுக்கும்போது, கூடவே தம் வீட்டுக் கொய்யாக்காய் காணாமற் போனதற்கு வேறொருவர் மேல் சந்தேகம் தெரிவித்தமையால் இச்சான்றின் நடுநிலை ஐயத்துக்குரியது). நான்காவதாக ஒரு மரபு திகன வீதி ரொட்டிக்கடையில் கிடைத்தது (கடைக்கார நானா, வாய்மொழி, கொத்து போடும் சத்தத்துக்கு நடுவே கேட்டதால் முதற்படியில் பல சொற்கள் சிதைவு, பிளேன்டீ குடித்துக்கொண்டே திருத்திய படி பெறப்பட்டது, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன, மூலபாடத்தை மீட்கப் போனபோது கடை பூட்டு). குரங்கு நானாவின் ரொட்டியைத்தான் எடுத்தது, வயரை எடுத்தது அணிலே என்பது இம்மரபின் சாரம் போலும்.

சான்றாக ஒளிப்படம் ஒன்றும் உண்டு. மங்கலான கூரை விளிம்பில் கறுப்பாக ஏதோ தொங்குகிறது. அது வாலா வயரா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. வால் கட்சியார் நுனி வளைந்திருப்பதைக் காட்டுவர். வயர் கட்சியார் கண்டியில் எந்த வயர் வளையாமல் இருக்கிறது என்பர்.

இங்கே ஒரு பெரும் தடை எழுகிறது. குரங்கு பகலில் திரிவது. பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறித் தூங்கிவிடும். ஆட்டமோ இரவு எட்டு மணிக்கு. இதற்கு விடை: குரங்கு மாலையில் கடித்தது, லைன் இரவில் அறுந்தது. இடைப்பட்ட மூன்று மணித்தியாலம் எங்கே என்று கேட்பவர் ஆய்வு முறை அறியாதவர். ஒரு காப்பியத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். அதற்காக எந்தப் பேராசிரியரின் கொடியும் விழுந்ததில்லை. ஒரு குரங்கை மூன்று மணித்தியாலம் தள்ளுவதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

5. ஒப்பீடு

2020 ஓகஸ்ட் 30ஆம் திகதி இணையவழி ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. இரண்டாம் சுற்றில் நிகால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. இந்தியா முறையிட்டது. உலகளாவிய இணையக் கோளாறு என்று கண்டு, சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் இரு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தது. அதே ஒலிம்பியாட்டின் காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய ஆர்மீனியாவுக்கும் ஒரு பலகையில் லைன் போயிற்று. அவர்களும் முறையிட்டார்கள். நிராகரிக்கப்பட்டது. கோபத்தில் விலகிப்போனார்கள்.

இரண்டிலும் போனது லைன்தான். லைன் போவது பெரிதன்று, எத்தனை பேருக்குச் சேர்ந்து போகிறது என்பதே பெரிது என்பது இதனால் துணியப்படும். உலகம் முழுதும் போனால் தங்கம். பல்லேகலயில் ஒரு வீட்டில் மட்டும் போனால் பூச்சியம்.

அவ்வாண்டே இணையப் போட்டி ஒன்றில் டிங் லிரெனுக்கு இணைப்பு அறுந்து ஒரு ஆட்டம் பறிபோனது. மாக்னஸ் கார்ல்சன் அடுத்த ஆட்டத்தில் சில நகர்வுகளுக்குள் தம் ராணியை வேண்டுமென்றே வெட்டுக்குக் கொடுத்து, தோல்வியை ஏற்றுக்கொண்டார். பல்லேகல அணிக்கு இந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை. எங்கள் எதிராளிகள் ராணியைக் கொடுப்பதில்லை, எங்களுடையதை எடுத்துக்கொள்கிறார்கள்.

6. கண்டுபிடிப்பு

வாய்மொழிச் சான்றுகளை விட்டு மூல ஆவணங்களுக்குப் போனோம். தளத்தில் ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு நகர்வும், எத்தனை வினாடி யோசித்தார் என்பது உட்படச் சேமிப்பில் கிடக்கிறது. அதை வாட்ஸ்அப் செய்தி போல அழிக்க முடியாது. லைன் போனதாகச் சொல்லப்பட்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் வியத்தகு ஒழுங்கு ஒன்று புலப்பட்டது. எல்லாவற்றிலும் லைன் போவதற்குச் சற்று முன்னரே ராணி போயிருக்கிறது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. அதில் ராணி இருந்தது. ராஜாவுக்கு அடுத்த நகர்வில் மேட்.

வென்று நிற்கும் ஆட்டத்தில் ஒருமுறையும் லைன் போகவில்லை. குரங்கும் வரவில்லை. பெரியம்மா அழைக்கவில்லை. கண்டிப் பக்கம் முழுதும் இடிமழை கொட்டிய இரவிலும், தீப்பிழம்பு எரியும் ஆட்டக்காரரின் ரவுட்டர் கல்லுப் போல நின்றிருக்கிறது. ஆகவே பலகையில் ராணி வீழும்போது ரவுட்டரில் விளக்கு வீழ்கிறது என்ற விதியை முன்மொழிகிறோம். இதன் இயற்பியல் காரணத்தைத் தொலைத்தொடர்புப் பொறியியலாளர்கள் ஆராய வேண்டும்.

கண்டுபிடிப்பை அணித்தலைவருக்குச் சமர்ப்பித்தோம். அவர் உடனே முதற்பலகையைப் போனில் பிடித்தார்.

"தம்பி, போன கிழமை மெச்சில என்னா நடந்திச்சு?"

"லைன் போச்சு சேர்."

"ராணி?"

"அது... அதுக்கு முந்தியே போச்சு சேர்."

7. பரிந்துரைகள்

ஒன்று: ராணியை இழந்தவுடன் ஆட்டக்காரர் ரவுட்டரைத் தொடக்கூடாது. இரண்டு: குரங்கின் வாக்குமூலத்தைப் பெற வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒத்துழைப்பை நாட வேண்டும். மூன்று: இவ்வாய்வின் அடுத்த கட்டத்துக்கு நிதி வேண்டும், குறிப்பாக, நானாவின் கடையில் மூலபாட ஆய்வை நிறைவுசெய்யக் கொத்துச் செலவு.

முதற்பலகை ஆட்டக்காரர் இம்முடிவுகளை முற்றாக மறுக்கிறார். விரிவான மறுப்புரை எழுதிவிட்டாராம். அதையும் இக்கட்டுரையோடு சேர்த்தே வெளியிட விரும்பினோம். அனுப்ப உட்கார்ந்த நேரம் பார்த்து லைன் போய்விட்டதாம்.