கேள்வி-பதில்: சுண்ணாம்புப் பாசியும் பெயர்ப் பஞ்சாயத்தும்

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் இடத்தில் சிறுசிறு வெள்ளைத் தகடுகள் கிடக்கின்றன. சிப்பி உடைசலா? (ராமேஸ்வரம் வாசகி)

கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையாக, ஓரம் மடல் மடலாக, மேற்பரப்பெல்லாம் நுண்துளையாக இருந்தால் அது ஹாலிமெடா. உயிரோடு இருந்தவரை பச்சைப் பாசி. சப்பாத்திக்கள்ளி போலத் தகட்டின் மேல் தகடாக வளரும். இனப்பெருக்கக் காலத்தில் உடலின் உயிர்ச்சத்து முழுவதையும் இனச்செல்களாக மாற்றிக் கடலில் விட்டுவிட்டு இறந்துவிடும். மிஞ்சுவது இந்த வெள்ளைச் சுண்ணாம்புதான்.

கல் போல இருப்பதைச் செடி வகையில் எப்படிச் சேர்த்தார்கள்? (சிவகாசி)

முதலில் சேர்க்கவில்லை. லின்னேயஸ் 1758ல் இதை விலங்குகளின் பட்டியலில்தான் வைத்தார். ஹாலிமெடா என்ற பேரினத்தை 1812ல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லாமுரு. வெயிலில் உணவு தயாரிக்கும்போது, இழைகளுக்கு நடுவே தேங்கிய நீரிலிருந்து கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சுகிறது. அந்த நீரின் காரத்தன்மை கூடுகிறது, அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகம் படிகிறது. கல் வந்த வழி அதுதான்.

முழுப் பாசியும் ஒரே செல் என்கிறார்களே, நம்பலாமா? (மதுரை)

தாராளமாக நம்பலாம். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. கிளைத்துக் கிளைத்துப் போகும் குழாய்களும், அவற்றுக்குள் எண்ணற்ற உட்கருக்களும்தான். புதிய தகடு இரவில் வெளுப்பாக முளைக்கும். பசுங்கணிகங்கள் குழாய் வழியே ஏறி வந்து, விடிவதற்குள் அதைப் பச்சையாக்கிவிடும்.

நல்ல புகைப்படம் இருந்தால் என்ன சிற்றினம் என்று சொல்லிவிட முடியாதா? (கோவை)

பல நேரம் முடியாது. ஆழமும் வெளிச்சமும் மாறினால் ஒரே சிற்றினத்தின் தகடு வேறு உருவம் எடுக்கும். அதனால் உள்ளே பார்க்க வேண்டும். தகட்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் குமிழி விட்டுச் சுண்ணாம்பு கரையும், மெத்தென்ற இழைக்கற்றை மட்டும் நிற்கும். இரண்டு தகடுகள் சேரும் கணுவை ஊசியால் பிரித்து நுண்ணோக்கியில் வையுங்கள். சில வகைகளில் இழைகள் ஒன்றையொன்று தொடாமலே கடக்கும். சிலவற்றில் இரண்டு மூன்றாகக் கூடி ஒன்றாகிவிடும். இன்னும் சிலவற்றில் எல்லா இழைகளும் பக்கத்து இழையோடு துளை வழியே தொடர்பு கொள்ளும். மேற்பரப்பில் அடுக்கிய நுண்பைகளின் அகலத்தையும் மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டும். 1901ல் எதெல் பார்ட்டன் எழுதிய ஆய்வும், 1980ல் ஹில்லிஸ்-காலின்வோ எழுதிய பெரிய தொகுப்பும் இப்படிக் குனிந்து பார்த்த உழைப்பில் உருவானவை.

இப்போதுதான் மரபணுச் சோதனை இருக்கிறதே, நுண்ணோக்கி எதற்கு? (சென்னை)

இரண்டும் வேண்டும். ஹாலிமெடா இன்கிராசாட்டா அட்லாண்டிக்கிலும் இந்திய-பசிபிக் கடல்களிலும் வளர்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மரபணுவைப் படித்தபோது அந்த ஒரே பெயருக்குள் வேறு சிற்றினங்களும் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகு நுண்ணோக்கியில் மறுபடி அளந்தார்கள். முன்பு பொருட்படுத்தாத வேறுபாடுகள் அப்போது துலங்கின. ஹாலிமெடா கனலோவானா, ஹாலிமெடா ஹெட்டிரோமார்ஃபா என்ற இரு புதிய பெயர்கள் 2006ல் வந்தன. எங்கே தேட வேண்டும் என்று மரபணு சொன்னது, என்ன வேறுபாடு என்று கண் சொன்னது.

புதிய சிற்றினம் கண்டுபிடித்தால் எங்கள் தாத்தா பெயரை வைக்கலாமா? (திருநெல்வேலி)

விதியில் தடையில்லை. ஆனால் பெயர் கடைசி வேலை. பழைய பெயர்களோடு ஒப்பிடுவதுதான் முதல் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூல மாதிரி ஏதாவது தாவரக் காப்பகத்தில் இருக்கும். ஹாலிமெடா கிராசிலிஸுக்கு 1887ல் பெயர் பதிவானது, இலங்கைக் கடலில் ஹார்வி சேகரித்த மாதிரியைக் கொண்டுதான். மன்னார் வளைகுடாவில் அதைப் போன்ற ஒன்றைப் புதிது என்று சொல்ல வேண்டுமானால் அந்த மாதிரியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். புதிய பாசிக்கு 2011 முடியும் வரை லத்தீனில் விளக்கம் எழுதுவது கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் செல்லும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெயர் வைத்து யாருக்கு என்ன லாபம்? (திருச்சி)

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் பின்னால், ஹாலிமெடா தகடுகள் குவிந்தே உருவான மேடுகள் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருப்பதை 2016ல் வெளியிட்டார்கள். பல பவளத்தீவுகளின் மணலில் பெரும்பங்கு இதன் சுண்ணாம்புதான். சில வகைகள் மணலில் வேரூன்றும், சில பாறையில் மட்டும் ஒட்டும். வளரும் வேகமும் ஒன்றல்ல. கடல் சூடாகி அமிலத்தன்மை கூடும்போது எது தாங்கும், எது அழியும் என்று ஆராய வேண்டும். பல சிற்றினங்களை ஒரே பெயரில் எழுதி வைத்திருந்தால், ஒன்று அழிந்தாலும் கணக்கில் தெரியாது. என் கவலையெல்லாம் அதுதான்.

தாவரவியல் மாணவி நான். எங்கிருந்து தொடங்குவது? (நாகர்கோவில்)

அனுமதியிலிருந்து. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே கேட்காமல் ஒரு தகட்டைக்கூடக் கிள்ளக் கூடாது. அனுமதி கிடைத்தால் நுனியை மட்டும் ஒடித்து வராமல், அடிப்பற்றோடு முழுப் பாசியை எடுங்கள். மணலில் புதைந்த பெரிய கிழங்கு போன்ற பற்றா, பாறையில் ஒட்டிய சிறு பற்றா என்பதே முதல் தடயம். ஒரு துண்டைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள், அது மரபணுவுக்கு. மீதியைக் காப்பகத்துக்குக் கொடுங்கள். நாள், இடம், ஆழம், தரை எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு அந்தப் பாசி புதிது என்று தெரிந்தால், அதற்கு முதல் சாட்சி உங்கள் குறிப்புச் சீட்டுதான்.