போடு ராசா, போடு!

போடு ராசா, போடு. ஆர் உன்னை மறிச்சது? கிரிப்டோ முன்விற்பனையிலை ரோக்கன் இப்ப அரைச் சதம், வாற வெள்ளிக்கிழமை ரண்டாம் கட்டம், அப்ப முக்காச் சதம், எக்ஸ்சேஞ்சுக்கு வாற நேரம் அஞ்சு சதம். உன்ரை போனிலை மணிக்கூடு பின்னோக்கி ஓடுது. அது முடியமுன்னம் போடாட்டி ஏழு தலைமுறைக்கும் வறுமைதான். எண்டாலும் இந்தக் கிழவனோடை ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போ. அந்த மணிக்கூடு பூச்சியத்துக்கு வந்தாப்பிறகு "சனத்தின்ரை வேண்டுகோளுக்கிணங்க" திரும்பவும் முதலிலையிருந்து ஓடும். இருந்து பார்.

எனக்குக் கிரிப்டோ விளங்காது, ஒப்புக்கொள்ளுறன். சீட்டு விளங்கும். மொன்றியலிலை பார்க் எக்ஸ்ரென்சனிலையிருந்து லசால் மட்டும் நம்மடை சனம் பிடிக்காத சீட்டே? சீட்டை நடத்துற தாச்சி ஆர், அவற்ரை வீடு எங்கை, மனிசி எங்கை வேலை, பெட்டை எந்தப் பள்ளிக்கூடம் எண்டு பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தெரிஞ்சும் சில தாச்சிமார் இரவோடிரவா ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்திருக்கினம். இப்ப நீ சொல்லு, உன்ரை ரோக்கனுக்கு ஆர் தாச்சி? நானும் அந்த இணையத்தளத்தை வடிவாத்தான் பார்த்தன். ஒரு நாய்க்குட்டி தொப்பி போட்டுக்கொண்டு நிக்குது. வேறை ஒருத்தரையும் காணேல்லை.

"அணியின்ரை பேரைப் பாதுகாப்புக்காக வெளியிடேல்லை" எண்டு நீ வாசிச்சுக் காட்டேக்கை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உதே கதையை 2017இலை நம்மடை கியூபெக்கிலையே ஒருத்தர் சொன்னவர். அவற்ரை ரோக்கனுக்குப் பிளெக்ஸ்கொயின் எண்டு பேர். உலகம் முழுக்க நிபுணர்மார் இருக்கினம், கொம்பனி சிங்கப்பூரிலை, போட்டிக் கொம்பனிகள் ஆக்களைக் கொத்திக்கொண்டு போயிடும் எண்டதாலை பேர் சொல்லேலாது, இதுதான் கதை. கடைசியிலை பார்த்தால் பின்னாலை நிண்டது டொமினிக் லாக்ருவா எண்ட கியூபெக்காரர். நிபுணர் கூட்டமெண்டு ஒண்டுமே இல்லை எண்டு அமெரிக்காவின்ரை பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு வழக்கிலை எழுதினது.

அந்தப் பிளெக்ஸ்கொயின் முன்விற்பனையிலை தருவம் எண்ட லாபம் எவ்வளவு தெரியுமே? 29 நாளுக்குள்ளை 1,354 வீதம். எனக்கு இங்கிலீசுதான் தகராறு, கணக்கு வரும். 1,000 டொலர் போட்டால் ஒரு மாதத்திலை 14,540. அதை அப்பிடியே திருப்பிப் போடு, ரண்டு லட்சத்துப் பதினோராயிரம் சொச்சம். இப்பிடியே போட்டுக்கொண்டு போனால் ஆறாம் முறை 900 கோடி டொலரைத் தாண்டும். ஆறு மாதத்திலை 900 கோடி பண்ணத் தெரிஞ்ச மனிசனுக்குச் சொந்தமா ஒரு ஆயிரம் டொலர் கிடையாது, அதுக்கு உன்ரை ஓவர்டைம் காசு வேணும்! பாவம், குடுத்துவிடு.

இதிலை ஆகப்பெரிய வேடிக்கை வேறை. அந்த முன்விற்பனை தொடங்கினது ஓகஸ்டிலை. கியூபெக்கின்ரை நிதிச் சந்தை அதிகாரசபை இருக்கே, எல்லாரும் ஏ.எம்.எஃப் எண்டு சொல்லுறது, அது யூலையிலையே நடுவர்மன்றத்திலை தடை வாங்கிப்போட்டுது. விக்கமுன்னமே தடை! பேரைப் போட்டு ஒருக்காத் தேடியிருந்தால் காணும். சனம் தேடினது வேறை: எந்தக் கட்டத்திலை வாங்கினால் எத்தினை மடங்கு எண்டு. 15 மில்லியன் டொலர் வரை சேர்ந்தது எண்டு அமெரிக்க ஆணைக்குழு சொன்னது. தடையை மதிக்காத குற்றத்துக்கு டிசம்பரிலை லாக்ருவாவுக்கு ரண்டு மாதம் மறியல். 2019இலை அமெரிக்க வழக்கிலை 45 லட்சம் டொலருக்கு மேலை திருப்பிக் கட்டவும், அவரும் அவரோடை நிண்ட பெண்ணும் ஆளுக்கு 10 லட்சம் தண்டம் கட்டவும் தீர்ந்தது.

அப்ப முன்விற்பனை எல்லாம் சுத்துமாத்தோ எண்டு கேப்பாய். நான் அப்பிடிச் சொல்லேல்லை. அதே 2017 ஓகஸ்டிலை, இதே மொன்றியலிலை, இம்பாக் பைனான்ஸ் எண்ட கொம்பனி தானாவே ஏ.எம்.எஃப்பிட்டைப் போய், நாங்கள் ஆர், என்ன விக்கப்போறம் எண்டு காட்டி, அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை நிபந்தனையோடை ரோக்கன் வித்தது. அனுமதி கிடைச்சால் விலை ஏறும் எண்டு அர்த்தமில்லை மோனே. பிழைச்சால் சட்டையைப் பிடிக்க ஒரு கழுத்து இருக்கு எண்டதுதான் அர்த்தம்.

ஆனால் பதிவு இருக்கு எண்டு துள்ளவும் வேண்டாம். நோர்பூர்க் எண்ட கொம்பனியை உனக்குத் தெரியாது, நீ அப்ப பால்போத்தலோடை. ஏ.எம்.எஃப்பிலை முறையாப் பதிஞ்ச கொம்பனிதான். 2005இலை திறந்து பார்த்தால் 9,200 பேரின்ரை காசிலை 130 மில்லியன் டொலர் அளவிலை காணேல்லை. அந்த முதலாளிக்கும் லாக்ருவா எண்டுதான் பேர், வேறை ஆள், வின்சன்ற் லாக்ருவா. நல்லகாலம், பதிஞ்ச கொம்பனி எண்டபடியாலை வழக்குப் போட ஆக்கள் அகப்பட்டினம். 2011இலை 55 மில்லியனுக்கு இணக்கம் வந்தது. கட்டின ஆக்களிலை ஏ.எம்.எஃப்பும் ஒண்டு! அதுக்கு மாறா, ஏர்ல் ஜோன்ஸ் எண்ட இன்னொரு மொன்றியல் கனவான் பதியாமலே நிதி ஆலோசகர் எண்டு திரிஞ்சவர், 2009இலை பிடிபட்டார், 50 மில்லியன் அளவிலை போச்சு. கூடப்பிறந்த சகோதரனையும் விட்டுவைக்கேல்லை.

"இது அப்பிடியில்லையப்பு, ஓடிற் பண்ணின கோட்" எண்டு ஒரு சேர்ட்டிபிக்கற் காட்டினியே. நல்லது. அந்த ஓடிற் பார்த்தது கோட்டை. கோட்டை எழுதினவன்ரை மனசை ஆர் ஓடிற் பண்ணினது? நீ கேக்கவேண்டியது இதுகள்: மொத்த ரோக்கனிலை எத்தினை வீதம் அவையின்ரை கையிலை? புதுசா இன்னும் அச்சடிக்க அவைக்கு அதிகாரம் இருக்கோ? எக்ஸ்சேஞ்சிலை வாங்கல் விற்றலுக்கெண்டு வைக்கிற காசை எத்தினை நாளைக்குப் பூட்டி வைக்கினம், திறப்பு ஆரிட்டை? முக்கியமா, நீ நினைச்ச அண்டைக்கு விக்கலாமோ? 2021இலை ஸ்குயிட் கேம் தொடரின்ரை பேரிலை ஒரு ரோக்கன் வந்தது. 2,861 டொலர் வரை ஏறினது, பிறகு சில நிமிசத்திலை பூச்சியம். ஏறின நேரத்திலை வித்துத் தப்பியிருக்கலாம்தானே எண்டு கேப்பாய். வாங்கினவையாலை விக்கவே ஏலாமல் கிடந்தது! போனிலை பணக்காரர், கையிலை ஒண்டுமில்லை.

ஒண்டு கேக்க மறந்திட்டன். உனக்கு இதைச் சொன்ன அந்த அண்ணை, கோயில் திருவிழாவிலை தோளிலை கை போட்டுக் கதைச்சாரே, அவருக்கு உன்ரை காசிலை எத்தினை வீதம்? அவற்ரை லிங்கிலை போய்த்தான் சேரவேணும் எண்டு சொன்னவரோ? அப்பிடியெண்டால் அவர் லாபம் உழைக்கிறது ரோக்கனிலை இல்லை, உன்னிலை. கோவிக்காதை, அவரும் ஆராலோ பேய்க்காட்டப்பட்ட மனிசனா இருக்கலாம்.

சரி, பிளேன்ரீ ஆறுது. ஏ.எம்.எஃப்பின்ரை இணையத்தளத்திலை பதிவுப் புத்தகம் இருக்கு, எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கு. ரண்டிலையும் அந்தப் பேரைத் தேடு. பிரெஞ்சு வராட்டி இங்கிலீசிலை ரெலிபோன் எடு, காசு கேக்கமாட்டினம். என்ன, முகத்தை ஏன் அந்தப் பக்கம் திருப்புறாய்? ஏற்கெனவே போட்டிட்டியோ? எவ்வளவு எண்டு நான் கேக்கேல்லை, உன்ரை மனிசி கேப்பாள். வெக்கப்படாமல் ஏ.எம்.எஃப்புக்கும் பொலிசுக்கும் கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கும் அறிவி. கொஞ்ச நாளிலை ஒருத்தன் கோல் எடுத்து, "உங்கடை காசை மீட்டுத் தாறம், முதல் கட்டணத்தைக் கட்டுங்கோ" எண்டு தேனொழுகக் கதைப்பான். அவனுக்கும் குடுத்திடாதை ராசா.