சித்தப்பாவின் ஜெர்மன் கிளை

நூரன்பெர்க்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நம் இலக்கிய மன்றத்துக்கு இங்கே ஒரு கிளை தொடங்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். தலைவர், துணைத் தலைவர் பெயர்களையும் நீங்களே போட்டு அனுப்பியதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மீதிப் பாதியில்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்த நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். பதிவான பிறகு மூன்று பேருக்குக் கீழே குறைந்தால்தான் பதிவு போகும். 1900 முதல் நடப்பிலுள்ள சிவில் சட்டம் இது; நம் ஆட்களை மனத்தில் வைத்தே எழுதியிருப்பார்கள் போல. ஏழில் நான்கு பேர் கோபித்துக்கொண்டு போனாலும், மிச்சமிருக்கும் மூவரிடம் பெயரும் முத்திரையும் வங்கிக் கணக்கும் அப்படியே இருக்கும். போன நால்வர் தனிச் சங்கம் காண வேண்டுமானால் இன்னும் மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். இதே ஊரில் 1644-இல் ஹார்ஸ்டோர்ஃபர், கிளாய் என்ற இரண்டு கவிஞர்கள் தொடங்கிய பெக்னிட்ஸ் மலர்ச் சங்கம் இன்றும் நடக்கிறது. உறுப்பினர்களுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள். நம் மன்றத்தில் எல்லாப் பட்டமும் கொடுத்தாகிவிட்டது, பூ ஒன்றுதான் பாக்கி.

ஆனால், சித்தப்பா, நாம் கடன் வாங்க வேண்டியது பூவும் அல்ல, பதிவும் அல்ல, ஒரு நாற்காலி. போருக்குப் பின் 1947-இல் ஹன்ஸ் வெர்னர் ரிக்டர் கூட்டிய ‘குழு 47’ என்ற எழுத்தாளர் கூட்டத்துக்குச் சட்டதிட்டமும் இருந்ததில்லை, உறுப்பினர் பட்டியலும் இருந்ததில்லை. ரிக்டர் அஞ்சலட்டை போட்டால் வரலாம், போடாவிட்டால் இல்லை. வாசிப்பவர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் அச்சேறாத எழுத்தை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் வாயே திறக்கக் கூடாது: விளக்கம் கூடாது, ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ கூடாது. அந்த நாற்காலிக்கு அவர்களே வைத்த செல்லப்பெயர் மின்சார நாற்காலி. நம் மேடையில் முன்னுரை, வாழ்த்துரை, பொன்னாடை, ஏற்புரை எல்லாம் உண்டு. படைப்புக்குத்தான் நேரம் இருப்பதில்லை. ஏற்புரையை எடுத்துவிட்டால் நம் கவிஞர்களில் பாதிப்பேர் கிளைக்கு வர மாட்டார்கள் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அரங்கேற்றத்தில் தடை சொன்னால் விடை சொல்வதுதானே நம் மரபு என்பீர்கள். மரபுதான். வாதத்தில் தோற்றவர் காதை அறுத்தார் என்று வில்லிபுத்தூராரைப் பற்றிக் கதையும் உண்டு. அதோடு ஒப்பிட்டால் இங்கே காதுக்கு ஆபத்தில்லை. ஆனால் புத்தகத்தை வீட்டில் பிரிக்கிற வாசகன் பக்கத்தில் உட்கார்ந்து கவிஞர் விடை சொல்ல முடியுமா? வாசகனிடம் போய்ச் சேருகிற அந்த ஆதரவற்ற நிலைக்கு முன்கூட்டியே எழுத்தைப் பழக்குவதுதான் அந்த மௌனம். எழுதியவர் பேசத் தொடங்கிவிட்டால் கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசும். அவர் மாமாவா மச்சானா என்பதும் உடனே நினைவுக்கு வந்துவிடும். 1958-இல் ஆல்காய் மலைப்பகுதி விடுதியொன்றில் குந்தர் கிராஸ் தம் ‘தகர முரசு’ நாவலின் பகுதிகளை வாசித்துக் குழுவின் பரிசைப் பெற்றார். நாவல் மறு வருடம்தான் வெளிவந்தது. நோபல் பரிசு 1999-இல் வந்தது. அச்சேறாத எழுத்தைச் செவியால் எடைபோட்டுக் கண்டுகொண்ட கூட்டம் அது.

அதே செவி தவறவும் செய்தது. 1952-இல் பால்டிக் கடற்கரையில் நடந்த கூட்டத்தில் பால் செலான் தம் ‘மரண ஃபியூக்’ கவிதையை வாசித்தார். நாஜிகளின் கொடுமையில் பெற்றோரை இழந்த யூதர் அவர். அவர் வாசித்த ராகத்தைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள்; கோயபல்ஸ் பேச்சு மாதிரி இருக்கிறதென்று ரிக்டரே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. செலான் அந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை. அந்த நாற்காலியால் வந்த வினை என்று நீங்கள் சொன்னால், பாதியை ஒப்புக்கொள்வேன். வாயடைத்து உட்காரும் விதி, கேட்பவர்களின் நாகரிகத்தை நம்பித்தான் நிற்கிறது; கேட்பவர்களில் பலர் ஹிட்லரின் ராணுவத்தில் சிப்பாய்களாக இருந்து வந்தவர்கள். கையில் தாளும் இல்லை, காதில் விழுந்த ராகம் மட்டும். அதனால் நம் கிளையில் ஒரு திருத்தம்: கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே படியை அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும். மௌன விதி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இதையெல்லாம் செயற்குழுவில் வாசித்துக் காட்டுங்கள். கூடவே இன்னொன்று. ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். இந்த ஊர்க் கூட்டங்களில் மேடையேறினவனுக்குத் தண்ணீர்க் குவளைக்கு மேல் ஒன்றும் வைக்க மாட்டார்கள். ஆண்டு விழாவில் என் பெயருக்கு முன்னால் ‘ஜெர்மனி’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். பொன்னாடை மெரூன் நிறத்தில் இருந்தால் நல்லது. ஏற்புரைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும்.

உங்கள் அன்பு மகன்