மே மாதத்து மார்கழி

வெயில் காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆண்டுதோறும் அறிவுரை வருகிறது. தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள். வெளிர் நிறப் பருத்தி உடுத்துங்கள். மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள்.

போன மே மாதம் இதை என் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வயது 86. ஆறு வருடமாக டிமென்ஷியா. அக்கறையாகக் கேட்டுவிட்டு, "கல்யாணம் யாருக்குப்பா?" என்றாள்.

அப்போது கத்திரி வெயில். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. ஜன்னலைச் சாத்தி, மெரூன் ஸ்வெட்டரைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றுங்கள் என்றால், "மார்கழிப் பனிடா, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாள். தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர். "குடிச்சீங்களா பெரியம்மா?" "இப்பத்தானே குடிச்சேன்." சொம்பில் காலையில் விழுந்த எறும்பு அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

தாகத்தையும் உடம்புச் சூட்டையும் கவனித்துக்கொள்வது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ். வயது அதை மந்தமாக்கும். நோய் அதையும் அரிக்கும். கத்தாமல் இருக்கவும் தூங்கவும் கொடுக்கிற மாத்திரைகளில் சில, சூடு தணியும் ஏற்பாட்டையே குழப்பும். சில வியர்வையை நிறுத்தும். இந்த நோயாளிகளுக்குப் புழுங்குகிறது என்று சொல்லத் தெரியாது. விசிறியைப் போடத் தோன்றாது. குளிரிலும் இதே கதிதான். போர்வையை உதறிவிட்டு, உறைபனியில் வெறுங்காலோடு கிளம்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் எமன் நிற்கிறான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 88 லட்சம் பேருக்கும் நாம் சொல்வது: மறக்காமல் தண்ணீர் குடியுங்கள். பெற்ற மகன் பெயர் போனாலும் பரவாயில்லை, 108 மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வெயிலுக்கும் விதிமுறை உண்டு. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது ஏறினால் அதற்கு வெப்ப அலை என்ற பதவி கிடைக்கும். இரவெல்லாம் சுவர் அனலைக் கக்கும் பெரியம்மாவின் அறை எந்த வானிலை மையத்தின் எல்லைக்குள்ளும் வராது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தெருமுனையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் திறந்தார்கள். நாலு பானை மோர், எட்டுத் தர்பூசணி, பதினெட்டுப் படங்கள் போட்ட ஃபிளெக்ஸ். தலைவர் வந்து முதல் டம்ளரைத் தன் கட்சிக்காரருக்கே கொடுத்தார், கேமராவைப் பார்த்தபடி. மூன்றாம் நாள் பானை கவிழ்ந்து கிடந்தது. ஃபிளெக்ஸ் மட்டும் ஆடி வரை நிழல் தந்தது, ஒரு தெருநாய்க்கு.

முதியோரைக் கவனிக்க வீட்டுக்கு வீடு போக ஆள் ஏது என்று கேட்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களின் வீடு தேடி ஆள் போனது. ஏப்ரல் வெயிலில் அலுவலர், போலீஸ், வீடியோ கேமராவோடு ஒரு படையே போய் வாக்கு வாங்கி வந்தது. நல்ல காரியம்தான். ஆக, கிழவர்கள் வீட்டுக்கு வழி தெரியும். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரையோடு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து ஊழியர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் வழி தெரியும். வாக்குக்குத் திறந்த கதவு ஒரு டம்ளர் தண்ணீருக்குத் திறக்காதா?

தமிழக அரசுப் பென்சன்காரர்களைக் கேளுங்கள். உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்கும் நேர்காணலை வெகுகாலம் எந்த மாதங்களில் நடத்தினார்கள்? ஏப்ரல், மே, ஜூன். வெயிலில் வரிசையில் நின்று பிழைத்தவருக்குத்தான் பென்சன் கிடைத்தது. அக்கினிப் பரீட்சை என்பது அதுதான்.

பிரான்சில் 2003 ஆகஸ்ட் வெயிலில் ஏறத்தாழ 15,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். ஊர் விடுமுறைக்குப் போயிருந்தது. கேட்பாரற்ற உடல்களைப் புதைத்தபோது அதிபர் ஜாக் சிராக்கே போய் நின்றார். அதற்குப் பிறகு நகராட்சிகளில் முதியோருக்குப் பதிவேடு வைத்தார்கள். வெயில் எச்சரிக்கை வந்தால் அதில் உள்ளவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். பிணம் விழுந்த பிறகு வந்த புத்தி, ஆனாலும் வந்தது.

நமக்குப் பிணம் விழுவதே தெரியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வாங்குவதற்கு ஒரே ஒரு தடங்கல்: வெயில்தான் கொன்றது என்று காகிதம் சொல்ல வேண்டும்.

பெரியம்மா அந்த மே மாதமே போய்விட்டாள். ஒரு மதியம், ஸ்வெட்டரோடு. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வந்த டாக்டர் வயதைக் கேட்டார். 86 என்றதும் அவருக்கு வேறு கேள்வி எழவில்லை. மாரடைப்பு என்று எழுதினார். உறவினர்கள் கல்யாணச் சாவு என்றார்கள். யாருக்குக் கல்யாணம் என்று அவள் கேட்டதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

தண்ணீர் கொடுக்க வராத அரசு, அவள் போன சேதியை மட்டும் யாரும் நினைவூட்டாமலே தெரிந்துகொண்டது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இறந்த தேதிக்குப் பிறகு கணக்கில் ஏறிவிட்ட பன்னிரண்டு நாள் குடும்ப ஓய்வூதியத்தை உடனே திருப்பிச் செலுத்த வேண்டுமாம்.