விரல் விட்டுப் பார்த்த கணக்கப்பிள்ளை

வா பேராண்டி, இஸ்தோப்புல குந்து. கெம்பஸ்லயிருந்து வந்த நாள் தொட்டு அந்த லெப்டொப்பை மடியில வெச்சுத் தாலாட்டிக்கிட்டிருக்க. புள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருச்சோன்னு உங்க ஆத்தா வேப்பிலை தேடுது. நான்தான் தடுத்தேன். "அவனுக்கு ஒண்ணுமில்ல, பொட்டிக்குள்ள பால் வெட்டுறான்"னு சொல்லி வெச்சிருக்கேன்.

நீ காட்டின படம் அழகாத்தான் இருக்கு. நம்ம ரப்பர் பால்ல ஹெவைன்னு ஒரு புரதம், 43 அமினோ அமில மணி கோத்த சின்னச் சங்கிலி. சீவின பட்டையில பால் உறைஞ்சு காயத்தை அடைக்கிறதுக்கு அதுவும் ஒத்தாசையாம். ரப்பர் கையுறை மாட்டுற நர்ஸ்மாருக்கு அரிப்பு வர்றதுக்கும் அது ஒரு காரணமாம். நாப்பது வருசம் அந்தப் பால்ல கையை முக்கின எனக்கு ஒண்ணும் வரல. கையுறை குடுத்திருந்தா வந்திருக்குமோ என்னமோ.

"மணி கோத்த வரிசையை மட்டும் குடுத்தேன் தாத்தா, சங்கிலி எப்படிச் சுருண்டு கிடக்கும்னு கொம்பியூட்டர் அச்சு அசலாச் சொல்லிருச்சு"ன்னு துள்ளுன. துள்ளு, துள்ளுற வயசு. ஆனா ஹெவைனோட உருவத்தை நீ பொறக்குறதுக்கு முந்தியே ஆய்வுகூடத்துல கண்டுபிடிச்சு ஏட்டுல ஏத்திட்டாங்கன்னும் நீதானே சொன்ன? அந்த ஏட்டை வெச்சுத்தானே உன் கொம்பியூட்டருக்குப் பாடமே நடந்தது?

கேகாலைப் பக்கம் தோட்டத்துல நான் பால் வெட்டுன காலத்துல ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாரு. வாளிக்குள்ள ஒரு விரலை விடுவாரு, எடுத்து மோந்து பார்ப்பாரு. "இதுல ஷீட்டு மூணு கிலோ"ம்பாரு. மூணேதான் இருக்கும். எவன் எவ்வளவு தண்ணி கலந்தான்ங்கிறதையும் சொல்லிருவாரு. கலந்தவன்ல நானும் ஒருத்தன், அது வேற கதை. ஊரே கும்பிட்டுச்சு. அப்புறந்தான் தெரிஞ்சது. ஸ்டோர் பொடியன் முன்கூட்டியே ரப்பர் அளவு காட்டுற மெட்ரோலாக்கைப் பால்ல மிதக்கவிட்டு, கணக்கைக் கரும்பலகையில சோக்கால எழுதிருவான். நம்மாளு அந்தப் பலகையைத் தாண்டித்தான் வாளிக்கு வருவாரு.

நாங்க என்ன செஞ்சோம்? பொடியனுக்குப் பிளேன்ட்டியும் கித்துல் கருப்பட்டியும் வாங்கிக் குடுத்து, ஒருநாள் பலகையில எழுதாதேன்னோம். பத்து வாளிக் கணக்கைத் துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு, சந்தியில கடைக்காரர் கையில குடுத்தோம். அவருக்கு எந்த வாளி யாருதுன்னே தெரியாது. அப்புறம் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டோம். பத்துக்கு ஆறு சரி. அந்த ஆறுதான் பேராண்டி அவரோட சொந்த வித்தை!

நீ சொன்ன அந்த காஸ்ப் போட்டியும் இதே துண்டுச் சீட்டுதான். 1994ல ஜான் மௌல்ட்டுங்கிறவரும் கூட்டாளிகளும் தொடங்கினது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நடக்குது. ஆய்வுகூடத்துல உருவம் பிடிபட்டு இன்னும் வெளியில விடாத புரதமாப் பார்த்து, மணி வரிசையை மட்டும் குடுப்பாங்க. ஆளாளுக்கு உருவம் அனுப்பணும். திருத்துறவங்களுக்குப் பேர் தெரியாது, நம்பர்தான். மணி ஒவ்வொண்ணும் அதோட இடத்துலயிருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து நூத்துக்கு மார்க்கு. மில்லிமீற்றரைக் கோடி கூறு போட்டா வர்ற அளவுல ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு நாலு வரம்பு வெச்சு அளக்கிறாங்களாம். நம்ம ஸ்டோர் தராசு அரைக் கிலோவை முழுங்கிட்டு ஏப்பம் விடும்.

2020ல 427ன்னு ஒரு நம்பர் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிருச்சு. நடு மார்க்கு 92.4. பேரை அவிழ்த்தா ஆல்ஃபாஃபோல்ட். அதைச் செஞ்ச ஹசாபிஸும் ஜம்பரும் 2024ல நோபல் வாங்கினாங்க. கூட வாங்கின பேக்கர் புதுப் புரதமே கட்டுறவராம். அந்த மார்க்கை நம்பலாம், விடையைப் பூட்டி வெச்சுக் கேட்டதால. ஜெர்மனியில லூப்பாஸ்னு ஒருத்தர் பத்து வருசமா முட்டியும் பிடிபடாத ஒரு புரதத்தோட உருவம், 427 அனுப்பினதை வெச்சுப் பார்த்ததும் அரை மணி நேரத்துல அவிழ்ந்துச்சாம். பூட்டி வெச்சவனுக்கே சாவி கிடைச்ச கதை.

வெள்ளைக்காரன் பேராவே சொல்றேன்னு பார்க்காத. 1963லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன்னு மூணு பேர் சேர்ந்து ஒரு படம் போட்டாங்க. சங்கிலி எந்தக் கோணத்துல மடங்கலாம், எதுல மடங்கினா அணுவோட அணு முட்டும்னு. உனக்கு விளங்க மூணு நாளாச்சு, எனக்கு உடனே விளங்கிருச்சு. பத்தடிக்குப் பன்னெண்டடி லயத்துக் காம்பராவுல எட்டுப் பேர்ல ஒருத்தனாப் படுத்தவன் நான். எவன் எந்தப் பக்கம் முழங்காலை மடக்கலாம்ங்கிறது எங்களுக்குச் சட்டம். இன்னைக்கும் உருவம் எது வந்தாலும் அந்தப் படத்துல வெச்சுப் பார்க்கிறாங்களாம். ஆனா அதுல பாஸாகிட்டா சரின்னு ஆயிருமா? முட்டாம படுத்திருக்கான்ங்கிறதுக்காக அவன் தன் காம்பராவுலதான் படுத்திருக்கான்னு சொல்ல முடியுமா?

கணக்கப்பிள்ளை கதையில ஒண்ணு விட்டுட்டேன். தப்பாச் சொன்ன நாலு வாளியில மூணுக்கு, சொல்றதுக்கு முந்தி லேசா இருமினாரு. நாலாவதை மட்டும் இருமாமலே, மீசையைத் தடவிக்கிட்டே தப்பாச் சொன்னாரு.

உன் கொம்பியூட்டரும் இருமுது பேராண்டி. தொண்ணூறுக்கு மேல நம்பிக்கைன்னா கருநீலம், ஐம்பதுக்குக் கீழன்னா ஆரஞ்சு. அது அதுக்கே போட்டுக்கிற மார்க்கு. இருமினா கவனி, இருமாட்டியும் கவனி. ஏட்டுல இல்லாத அந்த இன்னொரு பால் புரதத்தைக் காட்டினியே, அதுல நீட்டா ஆரஞ்சு வால் ஒண்ணு தொங்குது. ஒருவேளை அந்த இடத்துக்குன்னு நிலையான உருவமே இல்லாமலும் இருக்கும், அவிழ்ந்த கயிறு மாதிரி ஆடிக்கிட்டே கிடக்கும்னு நீயே சொன்ன.

பார்க்க அசிங்கமா இருக்குன்னு அந்த வாலை நறுக்கிட்டுப் படத்தை உங்க புரொபசருக்கு அனுப்பப் போறியாம், உன் தங்கச்சி சொல்லுச்சு. நறுக்காம அனுப்பு.