லக்கலயில் மனிதக் கால்: ஓர் அட்டைவழி ஆய்வு

மனிதக் காலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இடுப்பில் ஆரம்பித்து விரல்நுனியில் முடித்திருக்கிறார்கள். தொடையெலும்பு ஒன்று, முழங்காற் சில்லு ஒன்று, கணைக்காலில் இரண்டு, கணுக்கட்டில் ஏழு, பாதத்தில் ஐந்து, விரல்களில் பதினான்கு, ஆக ஒரு காலுக்கு 30 எலும்பு என்று எண்ணிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எண்ணப்பட்டது மேசைமேல் மருந்து வாசத்தோடு படுத்துக் கிடந்த கால். நடக்கிற, வியர்க்கிற, ஈரப்புல்லில் இறங்குகிற காலைக் கீழிருந்து மேலாக ஆராய்ந்த நிபுணர் ஒருவரே. மாத்தளை மாவட்டத்தில், றத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் ஏறி, இலுக்கும்புர வழியாக லக்கலைக்கு இறங்கும் பாதையோரத்தில் அவர் நிரந்தரப் பதவி வகிக்கிறார். விலங்கியலார் இட்ட பெயர் ஈமடிப்சா சீலனிக்கா. லக்கல மக்களுக்குக் கூடெல்லா. நமக்கு அட்டை.

கால் இல்லாத பிராணிக்குக் காலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கால் இருப்பதே அந்தத் துறையில் பாரபட்சத்துக்கு வழி என்பது இவ்வாய்வாளரின் நிலைப்பாடு. மற்றத் தகுதிகளை அடுக்கலாம். அட்டைக்குத் தலையில் ஐந்து சோடி, அதாவது பத்துக் கண்கள். வாயில் மூன்று தாடைகள். முன்னால் ஓர் உறிஞ்சி, பின்னால் பெரிதாக இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி, சாண் போட்டு நிலம் அளப்பவர் மாதிரிக் காலை அளந்தபடியே ஏறுகிறது. நுகர்வில் அது யாருக்கும் சளைத்ததல்ல. நிலத்தின் அதிர்வு, உடலின் சூடு, மூச்சில் கலந்து வரும் கரியமிலவாயு ஆகியவற்றை வைத்துக் கால் வருவதைக் கால் வருமுன்பே அறிகிறது. அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் நாடும் என்று பழமொழி அதைக் குறைத்துப் பேசுகிறது. செத்தை அதற்கு அலுவலகம் மட்டுமே; ஆய்வுக்களம் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். தமிழில் உடற்கூற்றியலுக்கு நல்ல வமிசாவளி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் அச்சேறியது. தமிழ்ப் பிள்ளைகள் எலும்பையும் தசைநாரையும் தமிழில் ஒப்புவித்துப் பரீட்சை எழுதிய காலம் அது. ஆனால் யாழ்ப்பாணம் வறண்ட மண். அங்கே காட்டட்டை இல்லை. ஆகவே தமிழ் உடற்கூற்றியலில் ஒரு முழு அத்தியாயம் எழுதப்படாமலே போனது. குறை வைத்தியருடையதல்ல, வானிலையுடையது. சுசுருதர் அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து ஆறை நல்லவை, ஆறை நச்சுள்ளவை என்றார். ஆனால் அவர் கண்ட அட்டை, வைத்தியர் விட்ட இடத்தில் கடிக்கும் அட்டை. இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் அட்டையைப் பற்றித்தான் இங்கு பேச்சு.

களம் பற்றிச் சிறு குறிப்பு. தும்பர மலைத்தொடரை வெள்ளைக்காரர் தொலைவில் நின்று பார்த்தார்கள். மடக்கிய கைமுட்டியின் கணுக்கள் தெரிந்தன. நக்கிள்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. தூரத்தில் நிற்பவருக்குக் கையாகத் தெரியும் இந்த மலை, கிட்ட வந்தவருக்குக் காலின் விவகாரமாகிவிடுகிறது. இரண்டு பருவக்காற்றும் இங்கே மழை கொட்டும். பெருமரங்களின் கீழே ஏலக்காய் நட்ட நிழல் வெயில் நாளிலும் காய்வதில்லை. றிவர்ஸ்டனில் மேகம் பாதைக்குக் குறுக்கே நடக்கும். அங்கிருந்து பிட்டவல பத்தனப் புல்வெளியைத் தாண்டிக் கீழே இறங்க இறங்கக் காற்று சூடேறி, நிலம் உலர்ந்து, உலர்வலயம் தலைகாட்டும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போக, மேட்டில் கட்டிய புதிய லக்கல நகரத்துத் தார்வீதியில் அட்டைக்கு வேலை இல்லை. ஆக, ஒரே பிரதேசத்துக்குள் காலுக்கு இரண்டு தேசங்கள். எல்லைக்கோடு வரைபடத்தில் இல்லை. சாரத்தை உயர்த்திக் கட்டியவர் எந்த இடத்தில் இறக்கிவிடுகிறார் என்று பார்த்தால் போதும்.

இனி முடிவுகள். அட்டையின் பாடநூலின்படி மனிதக் கால் நான்கு மாகாணங்களாகப் பிரியும்.

முதலாவது விரலிடுக்கு. நம் பாடநூல்கள் விரலை எழுதும், இடுக்கை எழுதா. எலும்பில்லாத இடத்தை எலும்பு எண்ணுபவர் எப்படிக் கவனிப்பார்? அட்டைக்கோ அதுதான் வரவேற்பறை: தோல் மெல்லிசு, ஈரம் காயாது, மனிதன் தன் உடலில் மிகக் குறைவாகப் பார்க்கும் இடமும் அதுவே. இரண்டாவது கணுக்கால். உள்கணுவுக்கு முன்னால்தான் உடலிலேயே மிக நீளமான சிரை மேலேறுகிறது. அட்டையின் தாடை அவ்வளவு ஆழம் போவதில்லை. தோலடி நுண்குழாய்களே அதற்குப் போதும். ஆனாலும் பெருஞ்சாலை ஓரத்தில் கடை போட யாருக்குத்தான் ஆசை இராது?

மூன்றாவது, சொக்ஸ் விளிம்பு. அட்டை இயலுக்கே உரிய உறுப்பு இது. உலகின் எந்த மருத்துவக் கல்லூரியிலும் இதற்கு விரிவுரை இல்லை. காலுறை முடியும் வட்டக் கோட்டில் தோல் சற்று அழுந்தி, வெதுவெதுப்பாக, வெளிக்குத் தெரியாமல் இருக்கும். அதன் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். காலுறை இல்லாதவருக்கு இந்த உறுப்பே இல்லை. மரபுவழி வருவதல்ல, கடையில் வாங்குவது. நான்காவது முழங்காற் பின்குழி. நாமே நம்மில் பார்க்க முடியாத இடம். பயணம் முடிந்து வானில் ஏறி உட்கார்ந்து, காற்சட்டை பின்புறம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்பவருக்கு அந்த மாகாணத்தின் இருப்பு அன்றுதான் தெரியவரும்.

கெண்டைக்காலை ஏன் விட்டீர்கள் என்பார் சிலர். உடலியலார் அதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். நடக்கும்போது அதன் தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அட்டைக்கு அது ஒரு தாழ்வாரம், போகிற வழி. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டபடியே பாரம் தாங்குவதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி எடுக்கும் என்பதிலும் அட்டைக்கு அக்கறை இல்லை. வலி நம்முடைய துறை. கடிக்கும்போது அட்டை அந்தத் துறைக்குள் நுழைவதே இல்லை. தெரியாமல் கடித்து, உறையாமல் குடித்து, தானாக விழுந்து போய்விடுகிறது. பிறகும் இரத்தம் நெடுநேரம் கசியும். மருத்துவ அட்டையில் இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் உண்டு என்று ஜோன் ஹேக்கிராஃப்ட் 1884இல் காட்டினார். 1904இல் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. காட்டட்டையும் அதே தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்துகிறது. உரிமம் எடுத்ததாகத் தகவல் இல்லை.

நடைவரிசை பற்றியும் ஒரு விதி உண்டு. முதலில் போகிறவர் அட்டையை எழுப்புகிறார், இரண்டாமவர் அதற்கு வழி காட்டுகிறார், மூன்றாமவர் காலைக் கொடுக்கிறார். றத்தோட்டைப் பக்கத்து வழிகாட்டிகள் இதைக் கற்பித்துவிட்டு முன்னாலேயே நடப்பார்கள். ஒட்டிய அட்டையை இழுக்கப் போனவரிடம் அப்படி ஒருவர் சொன்னது: “இழுக்காதீங்க அண்ணே. குடிச்சு முடிச்சா அதுவா விழும். அவசரம்னா நகத்த வாய்ப்பக்கமா விட்டுத் தள்ளுங்க.” வைத்தியர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே.

தடுப்பு முறையில் பல கட்சிகள் உண்டு: உப்புக் கட்சி, சவுக்காரக் கட்சி, டெட்டோல் கட்சி, சித்தாலேபக் கட்சி. எல்லாவற்றிலும் பழைமையானது தேசிக்காய்க் கட்சி. 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறிய இப்னு பதூதா, வழியில் அட்டை பாய்ந்து ஒட்டுவதையும், ஊரார் தேசிக்காயைக் கையோடு வைத்திருந்து அதன்மேல் பிழிவதையும் எழுதி வைத்தார். ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் தேசிப்புளியோடு உப்பும் சேர்த்துத் துணியில் கட்டி, கோல்முனையில் வைத்துக் காலில் தட்டிக்கொண்டே நடப்பதைச் சொல்கிறார். 1859இல் எமர்சன் டெனன்ட் எண்ணெய், புகையிலைச் சாம்பல், தேசிப்புளி என்று பட்டியலை நீட்டுகிறார். ஐந்து நூற்றாண்டில் உப்பு சேர்ந்தது, கோல் சேர்ந்தது, சாம்பல் சேர்ந்தது. மூலபாடமான தேசிக்காய் மட்டும் மாறவில்லை. இத்தனை உறுதியான பாடப் பரம்பரை நம் இலக்கண நூல்களுக்கே வாய்க்கவில்லை. அதே காலத்தில் அட்டையின் தொகை குறைந்ததாகவும் தெரியவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வாசிக்கத் தேசிக்காய்க் கட்சியினர் மறுக்கிறார்கள்.

டெனன்ட் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். அவர் தந்த இரண்டு தகவல்கள்தான் இவ்வாய்வின் உயிர். ஒன்று, கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாய் நெய்த துணியில் அட்டைக் காலுறை செய்து அணிந்தார்கள். மற்றது, பல்லக்குத் தூக்கிகளின் வெறுங்காலில் அட்டைகள் குலைகுலையாகத் தொங்கின. பிடுங்கிவிடத் தூக்கிகளுக்குக் கை ஒழியவில்லை. பல்லக்கைப் பிடித்திருந்த கை அது.

உடற்கூற்றியல் தவறவிட்ட இணைப்பு இங்கே இருக்கிறது. காலைக் காப்பது கை. கால் எலும்பு முப்பதையும் தசைநார்களையும் வரைந்த நூல்கள் எதிலும் இந்த நாண் வரையப்படவில்லை. கை ஓய்வாக இருந்தால் கால் தப்பும்; கை இன்னொருவர் சுமையில் மாட்டியிருந்தால் கால் அட்டைக்கு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழியே நடந்த தமிழ்க் கால்களுக்கு யாரும் காலுறை நெய்யவில்லை; தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. வழியிலேயே நோயில் விழுந்தவர்கள் பலர். பின்னால் தேயிலை வந்தது. கொழுந்து கிள்ளும் வேலைக்கு இரண்டு கையும் ஒருங்கே வேண்டும். கையெல்லாம் கொழுந்தில் இருக்கும்போது காலில் என்ன ஏறுகிறது என்று பார்க்க நேரமேது? சாக்கையும் படங்கையும் சுற்றிக்கொண்டு மலைக்குப் போன பெண்கள் இந்த இயலை நாம் கண்டுபிடிப்பதற்கு வெகுமுன்பே கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுடைய சவுக்காரமும் புகையிலையும் பிடித்த கால்களை எந்தப் பிரயாணநூலும் படம் போடவில்லை.

இன்று அதே துரைமார் காலுறை மலையேறும் எல்லோருக்கும் கிடைக்கிறது. முழங்கால் வரை ஏறும் துணிப்பை, மேலே ஒரு நாடா. வழிகாட்டிகள் லீச் சொக்ஸ் என்பார்கள். மனிதக் குலத்தின் இந்தக் கால்நீள முன்னேற்றத்தை அட்டை நிதானமாகப் பரிசீலித்து, தன் பாடநூலைத் திருத்தியிருக்கிறது. மூன்றாம் மாகாணமான சொக்ஸ் விளிம்பு கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேலே குடிபெயர்ந்துவிட்டது. நாடா கட்டிய இடத்துக்கு மேலே தொடையின் உட்புறத்தை நோக்கித் தையற்காரத் தசை ஓடுகிறது. உடலின் மிக நீளமான தசை அது. அந்தப் பகுதி பற்றி லக்கல அட்டைகள் திரட்டிவரும் தரவுகள் தனி நூலாகத் தக்கவை. அதற்கு மாதிரிக் கால் தரும்படி நண்பர்களைக் கேட்டாயிற்று. ஒருவரும் இதுவரை மறுமொழி தரவில்லை.